பிரசவ ரத்தப்போக்கை அளக்கும் ஆய்வு: டிரேப் ஒரு கணக்கு, தராசு ஒரு கணக்கு

கேள்வி: ஓஜி_இரண்டாமாண்டு

வணக்கம். எம்.எஸ். ஆய்வேட்டுக்கான புரோட்டோகால் இன்னும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகவில்லை. போவதற்குள் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் இங்கே கேட்கிறேன்.

திட்டம் இதுதான். சுகப்பிரசவத் தாய்மார்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிப்பது. அ பிரிவில் வழக்கம்போல, பிரசவம் பார்த்தவரே ரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிட்டு கேஸ் ஷீட்டில் எழுதுவார். ஆ பிரிவில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் டிரேப் (இடுப்புக்கு அடியில் விரித்து, ரத்தத்தைப் பையில் பிடிக்கும் விரிப்பு) வைத்து, கோட்டைத் தாண்டினால் ஈ-மோட்டிவ் ஆய்வில் வந்த, பல சிகிச்சைகளைச் சேர்த்தே கொடுக்கும் தொகுப்பைத் தொடங்குவது. எந்தப் பிரிவில் பிபிஎச் (பிரசவத்துக்குப் பின்னான அதிக ரத்தப்போக்கு, 500 மி.லி. முதல்) குறைவு என்பது முதன்மை முடிவு. ஒரே லேபர் வார்டு, ஒன்றரை ஆண்டு.

ஒத்திகைக்காகச் சில பிரசவங்களில் டிரேப்பின் அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு அதையும் நனைந்த காஸ், பேடுகளையும் தராசில் போட்டோம். இரண்டும் ஒத்துவரவில்லை. தராசு எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது, சில நேரம் 100 மி.லி. வரை.

சந்தேகங்கள்: டிரேப்பா தராசா, எதை நம்புவது? பனிக்குட நீர் கலந்துவிட்டால் எவ்வளவு கழிப்பது? 300 என்றும் 500 என்றும் இரண்டு எல்லை சொல்கிறார்களே, எதை எடுப்பது? வலியில் இருக்கும் பெண்ணிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கலாமா?

---

பதில் 1: தராசுமுள்

இரண்டும் சரியாகத்தான் அளந்திருக்கின்றன. அளந்த பொருள்தான் வேறு.

முதலில் கிராமை மி.லி. ஆக்குவது. ஒரு மி.லி. ரத்தத்தின் எடை ஏறக்குறைய 1.06 கிராம். வார்டில் இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்வது சிகிச்சைக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. நிகர எடை 530 கிராம் என்றால் ரத்தம் 500 மி.லி.தான். 1.06ஆல் வகுக்காமல் விட்டால் 500 முதல் 529 கிராம் வரை வந்த அத்தனை பேரும் பிபிஎச் பட்டியலில் ஏறிவிடுவார்கள்.

ஆனால் 6% பிழை மட்டும் 100 மி.லி. வித்தியாசத்தைக் கொண்டுவராது. மீதி காஸிலும் பேடிலும் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டிரேப் பையில் கோடு 350 மி.லி. ரத்தத்தோடு டிரேப்பின் எடை 462 கிராம், உலர்ந்த டிரேப் 82 கிராம். நிகரம் 380 கிராம், அதாவது சுமார் 358 மி.லி. கோட்டுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. இப்போது 12 காஸ் துண்டுகள்: நனைந்து 148 கிராம், உலர்ந்த எடை துண்டுக்கு 4 வீதம் 48 கிராம். நிகரம் 100 கிராம், சுமார் 94 மி.லி. மொத்தம் 452 மி.லி. ஆகிறது. அந்த 94 மி.லி. பைக்குள் விழவே இல்லை, பிறகு கோடு எப்படிக் காட்டும்? கிழிசலும் எபிசியாட்டமியும் (பிரசவ வாயை அகலமாக்கப் போடும் வெட்டு) உள்ளவர்களிடம் இந்த இடைவெளி கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அங்கே ரத்தத்தை உறிஞ்சுவதே காஸ்தான்.

ஆக, ஆய்வின் முடிவுக்குத் தராசு, சிகிச்சை தொடங்கும் முடிவுக்கு டிரேப் கோடு. கோடு உடனே கண்ணுக்குத் தெரியும், தராசு ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேசும்.

தராசில் கவனிக்கவேண்டியவை. 1 கிராம் துல்லியமும் 5 கிலோ கொள்ளளவும் உள்ள டிஜிட்டல் தராசு போதும். தினமும் காலையில் 500 கிராம், 1 கிலோ எடைக்கல் வைத்துச் சரிபார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். காஸின் உலர் எடை பெட்டிக்குப் பெட்டி மாறும். புதுப் பெட்டி பிரித்தால் 20 துண்டுகளை ஒன்றாக எடை போட்டுச் சராசரி எடுங்கள். பெட்டாடினில் நனைத்த காஸைச் சேர்க்கவே கூடாது. சுத்தம் செய்யும் காஸுக்குத் தனி வாளி, ரத்தம் ஒற்றும் காஸுக்குத் தனி வாளி. இரண்டும் ஒரே வாளியில் விழுந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. அந்தப் பிரசவத்துக்கு 'காஸ் எடை இல்லை' என்று குறித்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

பனிக்குட நீர் பற்றி. கழிக்காதீர்கள். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கழிக்கிற எண் கற்பனை எண்ணாகவே இருக்கும். கலக்காமல் தடுப்பதுதான் வழி. டிரேப்பை முன்பே இடுப்புக்கு அடியில் விரித்து, பைப் பகுதியை மட்டும் மடித்து மூடி வையுங்கள். குழந்தை வெளியே வந்ததும் பின்னாலேயே மீதி நீர் பாயும். அது மேலே போட்ட ஷீட்டிலும் கீழே வைத்த வாளியிலும் போகட்டும். ஷீட்டை உருவிவிட்டுப் பையைத் திறந்து தொங்கவிடுங்கள். இதைச் செய்ய அரை நிமிடம்தான். நஞ்சுக்கொடி பிரியும்போது வரும் முதல் பாய்ச்சலைத் தவறவிட்டால், நீர் கலந்ததைவிடப் பெரிய பிழை.

கலந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் படிவத்தில் ஒரு கட்டம் வைத்து டிக் செய்யுங்கள். பகுப்பாய்வை அவர்களைச் சேர்த்து ஒருமுறையும் விலக்கி ஒருமுறையும் செய்துவிடலாம். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) வைத்துக் கணக்கிடும் வழியும் உண்டு: பையில் 500 மி.லி., அதன் ஹீமட்டோக்ரிட் 24, பிரசவத்துக்கு முன் தாயின் ஹீமட்டோக்ரிட் 36 என்றால், உண்மை ரத்தம் 500 × 24 ÷ 36, சுமார் 333 மி.லி. காகிதத்தில் அழகாக இருக்கும். பைக்குள் ரத்தம் கட்டிதட்டிவிட்டால் இந்தக் கணக்கு படுத்துவிடும், கட்டிதட்டாத பை அபூர்வம்.

சிறுநீரை மறந்துவிடாதீர்கள். டிரேப் திறப்பதற்கு முன் மூத்திரப்பை காலியாக இருக்கவேண்டும். தையல் போடும்போது ஊற்றும் சலைனும் பைக்குத்தான் போகும். கழுவுவதற்கு முன் பையின் வாயை மடித்து கிளிப் போடுங்கள், இல்லையென்றால் ஊற்றிய அளவை எழுதுங்கள்.

கடைசியாகக் கோட்டைப் பார்க்கும் விதம். பை தரையையோ கட்டிலின் கம்பியையோ தொட்டுக்கொண்டு இருந்தால் அடிப்பகுதி மேலே தள்ளப்பட்டு அளவு கூடிக் காட்டும். மடிப்பு விழுந்திருந்தாலும் அப்படியே. தாராளமாகத் தொங்கவேண்டும், குனிந்து கோட்டின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் 250, 300, 350 என்றுதான் எழுதுவார்கள். தரவைத் திறந்ததும் இப்படி ஐம்பதின் மடங்குகளாகவே குவிந்து கிடந்தால் அது அளவீடு இல்லை, ஊகம்.

---

பதில் 2: குலுக்கல்சீட்டு

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அளவீட்டைச் சீர்செய்தாலும் இந்த ஆய்வு நிற்காது. வடிவத்திலேயே கோளாறு இருக்கிறது.

அ பிரிவில் கண் மதிப்பீடு, ஆ பிரிவில் டிரேப். கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஒப்பீட்டில், 2006ல் வெளியானது, டிரேப் அளவைவிடக் கண் மதிப்பீடு 33% குறைவு. இப்போது உங்கள் இரு பிரிவிலும் உண்மையான ரத்தப்போக்கு ஒன்றே என்று வையுங்கள். கண்ணால் பார்த்த பிரிவில் பிபிஎச் குறைவாகத் தெரியும், டிரேப் பிரிவில் அதிகமாகத் தெரியும். நல்ல சிகிச்சை கொடுத்த பிரிவு தோற்றதுபோல அறிக்கை வரும். ஒரு பிரிவை முழக்கோலாலும் இன்னொன்றை ஜாண் கணக்கிலும் அளந்துவிட்டு எது நீளம் என்று கேட்பதுபோல.

ஈ-மோட்டிவ் இதை எப்படிச் சமாளித்தது என்பதைப் புரோட்டோகாலில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகள், 2,10,132 பிரசவங்கள், முடிவு வெளியானது 2023. கட்டுப்பாட்டுப் பிரிவிலும் (வழக்கமான கவனிப்பு மட்டும் தரும் பிரிவு) டிரேப் வைத்தார்கள், ஆனால் அதில் கோடு கிடையாது. ரத்தம் சேரும், அளவு தெரியாது. பார்த்தவர் வழக்கம்போல் கண்ணால் முடிவெடுப்பார். ஆய்வுக்கான எண் இரண்டு பிரிவிலும் தராசிலிருந்து வந்தது. சிகிச்சைக்கான கருவி வேறு, முடிவை அளக்கும் கருவி வேறு என்று பிரித்ததால்தான் அந்த எண்களை நம்ப முடிகிறது: கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, ரத்தப்போக்கால் மரணம் மூன்றும் சேர்ந்த விகிதம் வழக்கமான கவனிப்பில் 4.3%, தொகுப்புப் பிரிவில் 1.6%. பிபிஎச் கண்டுபிடிக்கப்பட்டது 51.1% எதிர் 93.1%. இதில் கடும் என்றால் 1,000 மி.லி. அல்லது அதற்கு மேல்.

அளந்தாலே ரத்தம் நின்றுவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் 13 நாடுகளில் 78 பிரசவ மையங்களில் ரத்தம் சேர்க்கும் பையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், 2010ல் வெளியான யூப்ரடீஸ் ஆய்வு. கடும் பிபிஎச் பை வைத்த மையங்களில் 1.71%, வைக்காதவற்றில் 2.06%. அந்த வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. பையோடு சேர்ந்து எந்தக் கோட்டில் யார் என்ன செய்யவேண்டும் என்று எழுதிவைத்ததுதான் ஈ-மோட்டிவில் புதிது.

இரண்டாவது கோளாறு, ஒரே வார்டில் ஆளுக்கு ஆள் குலுக்குவது. காலையில் ஆ பிரிவுத் தாய்க்கு 300 கோட்டில் ஓடிய அதே ஸ்டாஃப் நர்ஸ், மதியம் அ பிரிவுத் தாய்க்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார். நிற்கவும் கூடாது. அதனால்தான் இவ்வகை ஆய்வுகள் மருத்துவமனையையே ஒரு அலகாக எடுத்துக் குலுக்குகின்றன. அப்படிச் செய்தால் எண்ணிக்கை எகிறும். பிபிஎச் 10%லிருந்து 6% ஆகக் குறையும் என்று எதிர்பார்த்து, 80% பவர் (உண்மை வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு), 5% பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) வைத்தால் பிரிவுக்கு 721 பேர். கொத்துக்கு, அதாவது மருத்துவமனைக்கு, 50 பேர், கொத்துக்குள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு 0.02 என்றால், எண்ணிக்கையைப் பெருக்கவேண்டிய டிசைன் எஃபெக்ட் 1 + 49 × 0.02 = 1.98. ஏறக்குறைய இரட்டிப்பு. எம்.எஸ். ஆய்வேட்டுக்கு இது ஆகிற காரியமா?

மூன்றாவது, எனக்கு இதுவே பெரிது. 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் பிகோவும் (மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு) ஐசிஎம்மும் (மருத்துவச்சிகளின் உலகக் கூட்டமைப்பு) சேர்ந்து கொடுத்த வழிகாட்டுதல், பிரசவத்துக்குப் பின் ரத்தத்தை அளந்தே பார்க்கச் சொல்கிறது. இதற்குப் பிறகும் பாதித் தாய்மார்களுக்கு டிரேப் இல்லை என்று எழுதி எத்திக்ஸ் கமிட்டிக்குப் போனால் முதல் கேள்வியே அதுதான்.

என் யோசனை: கேள்வியை மாற்றுங்கள். எல்லோருக்கும் டிரேப், எல்லோருக்கும் தொகுப்பு. ஆய்வுக்கேள்வி, டிரேப் கோடு தராசோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது. ஒரு வார்டில், ஒன்றரை ஆண்டில் முடியும், பயனும் உண்டு.

---

பதில் 3: வார்மர்

பச்சிளம் குழந்தைப் பிரிவிலிருந்து இரண்டு விஷயம், பிறகு மேலே சொன்னதோடு ஒரு சண்டை.

தொப்புள்கொடியை 1 நிமிடத்துக்கு முன் கிளாம்ப் போடக்கூடாது, ஆய்வுக்காகக்கூட. டிரேப் திறக்கும் அவசரத்தில் குழந்தையைச் சீக்கிரம் பிரித்துவிடுவது நடக்கும். ஸ்டாப்வாட்ச் வைத்து நொடியில் எழுதுங்கள். வெட்டிய பிறகு நஞ்சுக்கொடிப் பக்கத்து முனையைத் திறந்துவிட்டால் அந்த ரத்தம் நேராகப் பைக்குள் வடியும். அது தாயின் ரத்தப்போக்கு இல்லை. அந்த முனையைக் கிளாம்ப்போடு கிட்னி டிரேயில் (வளைந்த சிறு தட்டு) வையுங்கள். சிலர் கிளாம்ப்பைத் திறந்து வடியவிடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி செய்தால் பிரசவம் பார்த்தவரைப் பொறுத்து உங்கள் எண் மாறும்.

குழந்தை ஒரு மணி நேரம் தாயின் மார்பிலேயே இருக்கவேண்டும். டிரேப்பின் இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் அது முடியாமல் போகும். கட்டாமலே கூட டிரேப் நிற்கும். குழந்தையின் உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தாய்ப்பால் எத்தனையாவது நிமிடம் என்பதையும் எழுதுங்கள், பால் சப்புவதும் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும்.

குலுக்கல்சீட்டு சொல்வதில் ஒரு இடம் இடிக்கிறது. வெளிநாட்டில் நிரூபணமானது என்பதற்காக இங்கே கட்டுப்பாட்டுப் பிரிவே தேவையில்லை என்பது ஆபத்தான பேச்சு. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளை 33.5 டிகிரிக்கு 72 மணி நேரம் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் நிலைநாட்டப்பட்ட சிகிச்சை. ஹெலிக்ஸ் ஆய்வு அதையே இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் செய்து 2021ல் வெளியிட்டது. மரணம் அல்லது ஊனம் குறையவில்லை. குளிர்வித்த பிரிவில் மரணம் 42%, குளிர்விக்காத பிரிவில் 31%. கட்டுப்பாட்டுப் பிரிவு இல்லாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

---

பதில் 4: குலுக்கல்சீட்டு

ஹெலிக்ஸ் நல்ல எடுத்துக்காட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளிர்விப்பது ஒரு சிகிச்சை. குழந்தையின் மூளைக்காயம் எப்போது, எதனால் தொடங்கியது என்பது இடத்துக்கு இடம் மாறினால் பலனும் மாறும். டிரேப் சிகிச்சையே இல்லை, ஏற்கெனவே ஏற்கப்பட்ட சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் மணி. அது பெலகாவியில் வேலை செய்தால் மதுரையிலும் வேலை செய்யும்.

அப்படியும் பலனை இங்கேயே பார்க்கவேண்டும் என்றால், பல மருத்துவமனைகளில் ஒன்றன்பின் ஒன்றாக, எந்த வரிசை என்பதைக் குலுக்கித் தீர்மானித்து அறிமுகப்படுத்தலாம். கடைசியில் எல்லோருக்கும் கிடைக்கும், நடுவில் ஒப்பிடவும் முடியும். ஆனால் அது ஒரு மாணவர் தனியாகத் தூக்கக்கூடிய சுமை இல்லை.

---

ஓஜி_இரண்டாமாண்டு

அளவீட்டு ஒப்பீடாகவே மாற்றிக்கொள்கிறேன். 200 பேர் எடுக்கலாமா? டிரேப்புக்கும் தராசுக்கும் கோரிலேஷன் போட்டுக் காட்டினால் போதுமா? 300, 500 பற்றி இன்னும் தெளிவாகவில்லை.

---

பதில் 5: தராசுமுள்

கோரிலேஷன் வேண்டவே வேண்டாம். இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். டிரேப் எல்லோரிடமும் சரியாக 100 மி.லி. குறைத்துக் காட்டினாலும் கோரிலேஷன் 1 என்றே வரும். பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம் போடுங்கள்: கிடை அச்சில் இரண்டின் சராசரி, செங்குத்தில் இரண்டின் வித்தியாசம். ரத்தம் கூடக்கூட வித்தியாசமும் விரியும், அப்போது லாக் எடுத்துப் பாருங்கள். 200 பேர் இதற்குப் போதும். ஒப்புமை எல்லைகளின் (95% வித்தியாசங்கள் அடங்கும் எல்லைகள்) நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு, வித்தியாசத்தின் திட்டவிலக்கத்தில் ±0.24 மடங்குதான் வரும்.

ஆனால் 500 கோட்டின் சென்சிடிவிட்டியை (உண்மையில் பிபிஎச் உள்ளவர்களில் எத்தனை சதவீதத்தை டிரேப் பிடிக்கிறது என்பதை) முதன்மை முடிவாக வைக்காதீர்கள். 200 பேரில் 10% பிபிஎச் என்றால் 20 பேர்தான். அதில் 18 பேரை டிரேப் பிடித்தால் 90% என்று பெருமையாக எழுதலாம், நம்பிக்கை இடைவெளி 68லிருந்து 99 வரை போகும்.

டிரேப் அளவை எழுதுபவர் தராசைப் பார்க்கக்கூடாது, தராசு போடுபவர் டிரேப் அளவைப் பார்க்கக்கூடாது. படிவத்தில் கிராம் மட்டும் எழுதட்டும், மி.லி. ஆக்குவது கணினியில் நடக்கட்டும். கையில் கால்குலேட்டர் இருந்தால் 498 வந்தது 500 ஆவது இயல்பு. தராசின் திரையை ஆய்வு எண்ணோடு படம் எடுத்து வையுங்கள், பெயரோ ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோ படத்தில் வரக்கூடாது.

300, 500 குழப்பம் இல்லை, இரண்டும் ஒரே விதியின் இரண்டு கிளை. 500 மி.லி. தொட்டால் வேறு எதையும் பார்க்காமல் சிகிச்சை. 300 தொட்டு, கூடவே நாடித்துடிப்பு 100க்கு மேல், அல்லது மேல் அழுத்தம் 100க்குக் கீழ், அல்லது கீழ் அழுத்தம் 60க்குக் கீழ், அல்லது நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்தால் 1க்கு மேல், இவற்றில் ஒன்று இருந்தாலும் சிகிச்சை. இதை 2025 வழிகாட்டுதல் சொல்கிறது. குறைந்த இழப்பிலேயே உடல் தளரத் தொடங்கும் தாய்க்கு, உதாரணமாக ரத்தசோகை உள்ளவருக்கு, 500 வரை காத்திருக்க இடமில்லை என்பதுதான் இதன் பொருள். ஹீமோகுளோபின் 7 கிராமில் பிரசவத்துக்கு வருபவருக்கு 400 மி.லி. போவதும், 12 கிராம் உள்ளவருக்கு 400 போவதும் ஒன்றா? ரத்த அழுத்தத்தை எழுதாமல் விட்டால் 300 கிளை செத்துவிடும், அதனால் நாடியையும் அழுத்தத்தையும், முதல் மணி நேரத்தில் கால் மணிக்கு ஒருமுறை போக்கையும் கர்ப்பப்பை இறுக்கத்தையும் பார்த்து எழுத ஒரு தாள் கட்டிலிலேயே தொங்கட்டும்.

---

பதில் 6: குளிர்பெட்டி

எல்லோருக்கும் தொகுப்பு என்று முடிவானதால் மருந்துப் பக்கம் சுருக்கமாக. கோடு தொட்டதும் கர்ப்பப்பை மசாஜ், ஆக்ஸிடோசின் (கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்து), 1 கிராம் டிரானெக்ஸாமிக் அமிலம் (உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து), சிரை வழித் திரவம், பிறகு மூத்திரப்பை, கிழிசல், தங்கிப்போன நஞ்சுத்துண்டு எல்லாவற்றையும் சோதிப்பது. எல்லாம் 15 நிமிடத்துக்குள். ஒன்று முடிந்து பலன் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தது என்று போகக்கூடாது, சேர்த்தே ஓடவேண்டும்.

டிரானெக்ஸாமிக் 500 மி.கி. ஆம்பூலில் 5 மி.லி. இருக்கும். இரண்டு ஆம்பூல், 10 மி.லி., நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் 10 நிமிடம். வேகமாகத் தள்ளினால் அழுத்தம் இறங்கும், அப்புறம் அது ரத்தப்போக்காலா மருந்தாலா என்று ஆய்வில் பிரிக்க முடியாது. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். 20,060 பெண்களை எடுத்த உமன் ஆய்வில் 3 மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் ரத்தப்போக்கு மரணம் 1.2%, மருந்தில்லாத ஊசி (பிளசிபோ) பெற்ற பிரிவில் 1.7%. ஆம்பூலை ஸ்பைனல் மருந்து (முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்து) வைக்கும் தட்டில் வைக்காதீர்கள். மாறிப்போய் முதுகில் போட்டால் உயிருக்கே ஆபத்து, 2022ல் உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே எச்சரிக்கை விட்டது.

ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வைக்கவேண்டும். லேபர் வார்டு டிரேயில் காலையிலிருந்து கிடந்த ஆம்பூலின் வீரியத்துக்கு யார் பொறுப்பு? ஷிஃப்டுக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள், பேட்ச் எண்ணைப் படிவத்தில் எழுதுங்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தடுப்புக்காகப் போடும் 10 யூனிட் தசை ஊசியின் நேரத்தையும் எழுதுங்கள். அது தாமதமான நாளில் டிரேப் நிறைவதைப் பார்க்கலாம்.

---

பதில் 7: கட்டைவிரல்ரேகை

ஒப்புதல் விஷயத்தை யாரும் தொடவில்லை.

வலி உச்சத்தில் இருக்கும்போது வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. 36 வாரத்துக்குப் பிறகான ஓ.பி. வருகையிலேயே தகவல் தாளைக் கொடுத்து, படித்துச் சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். பிரசவத்துக்கு வந்ததும் வலி இல்லாத இடைவெளியில் 'அன்றைக்குச் சொன்னோமே, இன்னும் சம்மதமா?' என்று கேட்டு நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நேராக லேபர் வார்டுக்கு வருபவர்களை விட்டுவிடலாம், அல்லது வலி தொடங்காதவர்களை மட்டும் எடுக்கலாம். கணவரோ மாமியாரோ போட்ட கையெழுத்து அவளுடைய சம்மதம் ஆகாது. படிக்கத் தெரியாதவருக்கு ரேகையோடு, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி வேண்டும். தகவல் தாளின் ஒரு பிரதி அவர் கையில் இருக்கவேண்டும்.

தமிழ்த் தாளை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றினால் விபரீதம். 'உங்கள் ரத்தம் சேகரிக்கப்பட்டு அளவிடப்படும்' என்று எழுதினால், ஊசி போட்டு ரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார், ஆய்வை விட்டு ஓடுவார். இப்படி எழுதுங்கள்: 'குழந்தை பிறந்த பின் எல்லாப் பெண்களுக்கும் தானாகவே உதிரம் போகும். அப்படிப் போவதை ஒரு பிளாஸ்டிக் பையில் விழவைத்து அளப்போம். இதற்காக உங்கள் உடம்பிலிருந்து கூடுதலாக ரத்தம் எடுக்கமாட்டோம்.' ஹீமோகுளோபினுக்கு ஊசி உண்டு என்றால் அதைத் தனி வரியில் எத்தனை முறை, எத்தனை மி.லி. என்று சொல்லுங்கள். 500 மி.லி. என்பதைவிட அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு என்றால் உடனே புரியும்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஆய்வில் சேர்க்காதீர்கள், சட்டச் சிக்கல் வேறு. முதல் தாயைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் கையில் இருக்கவேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது.

---

ஓஜி_இரண்டாமாண்டு

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: எப்போது டிரேப்பை எடுத்துத் தராசில் போடுவது? நஞ்சுக்கொடி பைக்குள் விழுந்துவிட்டால்?

---

பதில் 8: தராசுமுள்

குழந்தை பிறந்ததிலிருந்து 60 நிமிடம். போக்கு நிற்காவிட்டால் 120 நிமிடம் வரை. பிபிஎச் தடுப்பு ஊசிகளை ஒப்பிட்டு 10 நாடுகளில் நடந்த சாம்பியன் ஆய்விலும் இதே கணக்குதான். நேரத்தை முன்பே எழுதிவையுங்கள், 'ஓய்ந்தபோது எடுத்தோம்' என்றால் ஓய்வு ஆளுக்கு ஆள் மாறும்.

நஞ்சுக்கொடியைக் கிட்னி டிரேயில் வாங்குவதுதான் முறை. தவறி விழுந்தால் கையுறையோடு தூக்கி, பையின் மேலேயே சிறிது நேரம் வடியவிட்டு எடுங்கள், கட்டிகள் பைக்குள்ளேயே இருக்கட்டும். பையின் வாயைக் கட்டி, கசியாத வாளியில் வைத்துத் தராசுக்குக் கொண்டுபோங்கள். வாளியின் வெற்று எடை கழித்திருக்கவேண்டும்.

பிறகு, வார்டைச் சுத்தம் செய்பவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: ஆய்வு ஸ்டிக்கர் ஒட்டிய பையில், எடை போட்டு டிக் ஆகும்வரை ஹைப்போகுளோரைட் (கிருமிநாசினிக் கரைசல்) ஊற்றக்கூடாது. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்வார், உங்கள் எடையில் அரை லிட்டர் ஏறிவிடும்.